நேற்று செய்த கறி

மார்ச் 4

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே பிரிக்காமல் ஓரமாகப் போட்டிருப்பாய். தெரியும். நாலு வருஷமாக என் போன் உனக்கு வராதபடி செய்து வைத்திருக்கிறாய். போன வாரம் உன் அச்சகத்துக்கே கூப்பிட்டேன். எடுத்த பெண், "பிழை திருத்துற சார் போன்ல பேச மாட்டாராம். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்றார்மா" என்றாள். பக்கத்தில் நின்று நீ சொல்லிக் கொடுத்தது எனக்கும் கேட்டது. சரி, எழுதுகிறேன். கேன்டீனில் சாமான் சீட்டு எழுதுவதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள், அதுதானே உன் வேலை.

விஷயம் என் பெண் வாண்டுவைப் பற்றியது. அவளுக்கு நீ வைத்த பெயர். இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். போன வருஷம் ரயில் ஓட்டுகிற பயிற்சியில் சேர்ந்தாள். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருப்பாளே, அதையே வேலையாகப் பிடித்துவிட்டாள். ஆறு மாதமாக அவளுக்கு உடம்பு சரியில்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து காது வரை சிவந்து ஏறுகிறது. அரிப்பு. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, தலை சுற்றுகிறது, கழிப்பறைக்கு ஓடுகிறாள். ஒரு நாள் ஒத்துக்கொள்வது மறுநாள் ஒத்துக்கொள்வதில்லை.

பணிமனை மேற்பார்வையாளர் அவள் குடித்துவிட்டு வருகிறாள் என்று நினைத்து, கருவியை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினாள். ஒன்றும் காட்டவில்லை. "மெஷின்ல தெரியலைன்னா என்னம்மா, மூஞ்சில தெரியுதே" என்றாராம். கூடப் படிக்கிற பையன்கள் அவளை 'ரெட் சிக்னல்' என்று கூப்பிடுகிறார்கள். ஒரு டாக்டர் தோலில் குத்திப் பார்த்து ஒவ்வாமை எதுவும் இல்லை என்றார். இன்னொருவர், எல்லாம் மனசுதான், பயம்தான் என்று தூக்க மாத்திரை எழுதினார். ஏப்ரல் கடைசியில் மருத்துவக் குழு அவளைப் பார்க்கப்போகிறது. தகுதியில்லை என்று எழுதிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் ரயிலைத் தொட முடியாது.

உனக்கு என்ன என்று கண்டுபிடித்தாரே ஒருவர், அவர் பெயர் வேண்டும். நீ என்ன சாப்பிடுகிறாய், எப்படிச் சமைக்கிறாய் என்பதும் வேண்டும். இன்டர்நெட்டில் தேடினால் ஒருவன் எலுமிச்சை குடி என்கிறான், இன்னொருவன் எலுமிச்சைதான் விஷம் என்கிறான்.

அவள் முகம் சிவக்கும்போது எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வருகிறது. நாங்கள் கோபம் என்று நினைத்தோமே, அதே சிவப்பு.

வழக்கம்போல வெந்நீராகக் கொதிக்காமல் பதில் போடு.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் பிரிக்கப்படாமல்தான் கிடந்தது. குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தேன். இந்த அறையில் கட்டிலைவிடப் பெரிய சாமான் அதுதான். சமைத்த உடனே சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து உறைய வைத்துவிடுவேன். வேளைக்கு ஒன்றை எடுத்துச் சூடாக்கித் தின்பேன். அச்சகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், "சாருக்குத் தண்ணி மட்டும் குடுங்க, அதுவும் இப்ப பிடிச்ச தண்ணியா பார்த்துக் குடுங்க" என்பார்கள். நான் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்று இன்னொரு பெயர் வரும்.

பெயர் என்றதும் சொல்கிறேன். 'வெந்நீர்' என்ற பெயரை எனக்கு வைத்தது நீ. நான் எட்டாம் வகுப்பு படிக்கையில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து முகம் சிவந்து எழுந்தபோது வைத்தாய். எனக்கு அன்று கோபமே வரவில்லை. உடம்பு எரிந்தது, அவ்வளவுதான். ஒருவனைப் பார்த்து முப்பது வருஷம் கோபக்காரன், கோபக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவனுக்குக் கோபமும் வந்துவிடும். இப்போது என்னிடம் இருப்பது நீங்கள் எல்லாரும் சேர்ந்து வளர்த்துவிட்டது.

உன் கேன்டீன் திறந்த அன்றைய விருந்தைக் கடிதத்தில் நீ எங்கேயும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

நீண்ட மேசை. அத்தான், சித்தப்பா, உன் கேன்டீன் ஆட்கள், எதிரில் வாண்டு. நீ என் தட்டில் கறியை வைத்துச் சொன்னாய்: "உனக்குன்னு காலையில தனியா செஞ்சதுடா. நம்பிச் சாப்பிடு." நம்பினேன். அந்தச் சொல்லைக் கவனி. நான் தட்டை வழித்து முடித்த பிறகு கரண்டியால் டம்ளரைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டாய். "எல்லாரும் கேளுங்க! இவன் சாப்பிட்டது நேத்து மிஞ்சின கறி! இப்ப என்னடா ஆச்சு உனக்கு? செத்தா போயிட்ட?" சித்தப்பா, "உசுரோடதான்மா இருக்கான், மூஞ்சியைப் பாரு, அதுல ரொட்டி சுடலாம்" என்றார். அத்தான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. என் முகம் சிவந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். வெட்கத்தில் சிவக்கிறான் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

நான் எழுந்து போனேன். ரோஷம் வந்து போகிறான் என்றீர்கள். பேருந்து நிலையம் வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே பெஞ்சுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் விழுந்து கிடந்தேன். "நல்லா படிச்ச ஆளு மாதிரி இருக்கான், இப்படிக் குடிச்சிட்டுக் கிடக்கிறானே" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. என் வாயருகே ஊதுகிற கருவியை யாரும் நீட்டவில்லை. வாண்டுவுக்கு அந்த மரியாதையாவது கிடைத்திருக்கிறது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். கறி கெட்டுப்போக வேண்டியதில்லை. வாசனையும் ருசியும் சரியாகவே இருக்கும். ஆனால் வைத்திருக்க வைத்திருக்க அதில் ஹிஸ்டமின் என்று ஒன்று சேரும், உடனே உறைய வைத்தால்தான் சேராது. மறுபடி சூடாக்கினால் போகாது. மற்றவர்கள் உடம்பு அதை உடைத்து வெளியே தள்ளிவிடும், என்னுடையது தள்ளாது. தொட்டி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். திங்கள்கிழமை தக்காளி தின்றால் ஒன்றும் ஆகாது, புதன்கிழமை ஒரு துண்டு மீனில் வழிந்துவிடும். உன் மாதிரி ஆட்கள் "போன வாரம் தின்னானே, நானே பார்த்தேனே" என்று சாட்சி சொல்ல வசதியான நோய்.

பெண்ணுக்காக இவ்வளவு எழுதுகிறேன்: புதிதாக வாங்கி, சமைத்த சூட்டில் சாப்பிட வேண்டும். மிஞ்சினது, கடையில் டப்பாவில் அடைத்து விற்பது, புளித்தது, ஊறினது எதுவும் கூடாது. தக்காளி, கத்திரிக்காய், கீரை, வினிகர், பாலாடைக்கட்டி கூடாது. எனக்குப் பாலும் கோதுமையும்கூட ஆகாது. அவளுக்கு எப்படியோ, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் பெயர் வேண்டுமானால் ஒரு வேலை செய். அதே ஆட்களை அதே மேசைக்குக் கூப்பிடு. டம்ளரைத் தட்டு. அன்று பொய் சொல்லி ஊட்டினேன், அவன் நடிக்கவில்லை, சாகக் கிடந்தான் என்று சொல். சொல்லிவிட்டு எழுது. பெயரும் விலாசமும் வரும்.

அவளைச் சோதித்துப் பார்த்தாயா? நேற்றைய கறியை ஒரு நாள் வைத்துப் பாரேன். உனக்குப் பழக்கம்தானே.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

உன் கடைசி வரியை வாண்டு பார்த்துவிடக் கூடாதே என்று கிழித்து அடுப்பில் போட்டேன். மீதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

பேருந்து நிலையத்தில் விழுந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேன். நீ சொல்லவில்லை. நாலு வருஷம் அதை டப்பாவில் போட்டு உறைய வைத்திருந்து இப்போது எடுத்துச் சூடாக்கி என் முன்னால் வைக்கிறாய்.

நான் ஏன் செய்தேன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? அம்மாவின் கடைசி வருஷம் முழுக்க அவளைப் பார்க்க நீ டப்பாவோடு வந்தாய். அவள் எழுந்து நிற்க முடியாமல் ஸ்டூல் போட்டு அடுப்படியில் உட்கார்ந்து உனக்கென்று சமைத்து வைத்திருப்பாள். நீ அவள் எதிரில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஆறிப்போன உன் சோற்றைத் தின்பாய். நீ போன பிறகு, "எங்கையில என்னடி விஷமா இருக்கு?" என்று என்னைக் கேட்பாள். அவள் போன அன்று நீ வாசலோடு நின்றுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாய். அது வெறும் திமிர் என்று எல்லாருக்கும் காட்டவேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. காட்டினேன். அதற்காக மேசை போட்டு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். எனக்கும் மானம் இருக்கிறது. கேன்டீன் ஆட்கள் முன்னால் அதைச் சொல்லிவிட்டு மறுநாள் நான் எப்படி வேலை வாங்குவது?

நீ சொன்ன மாதிரியே சமைக்கிறேன். மூன்று வேளையும் புதிதாக. கேன்டீனிலிருந்து ஒரு பருக்கைகூட வீட்டுக்கு வருவதில்லை. நீ சொன்னதையெல்லாம் நிறுத்திவிட்டேன், பாலையும் நிறுத்திவிட்டேன். ஓடி ஓடி என் கணுக்கால் வீங்கிவிட்டது. ஆனாலும் அவளுக்குக் குறையவில்லை. மெலிந்துவிட்டாள். சீருடையின் இடுப்பில் ஊசி குத்திப் போகிறாள். ஏதோ அம்மா உனக்கு வைப்பாளே அந்த எலும்பு சூப், அதில்தான் அவளுக்குத் தெம்பு. காலையில் அடுப்பில் ஏற்றினால் சாயங்காலம் வரை கொதிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன், பெரிய கிண்ணமாகக் கொடுக்கிறேன். மற்றதெல்லாம் பார்த்தாலே பயப்படுகிறாள். நேற்று ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கை முன்னால் வைத்துக்கொண்டு, "அம்மா, இது என்னை என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

உன் கோபம் என்னோடு இருக்கட்டும். டாக்டர் பெயரை எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

மானம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மகிழ்ச்சி. அன்று அந்த மேசையில் ஒருவருடைய மானம் மட்டும்தான் குறைந்தது என்பதை நீயே இப்போது எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாய். இதற்குத்தான் போனில் பேசுவதில்லை. எழுதியதைப் பிறகு இல்லையென்று சொல்ல முடியாது.

அம்மாவை நான் அழவைத்தேன் என்கிறாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. உனக்கு இன்னும் அது கிடைக்காது.

வேறொன்று சொல்கிறேன். உன் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. உன் பெண்ணை எது வாட்டுகிறது என்பதை உன் கையாலேயே அதில் எழுதியிருக்கிறாய். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வரிகளில் பிழை தேடுகிறவன் கண்ணுக்கு அது உடனே பட்டது. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மேசையைப் போடு. சொல்ல வேண்டியதைச் சொல். சொன்னேன் என்று எழுது, அன்றைக்கே பதில் போடுகிறேன். நீ முப்பது வருஷம் எடுத்துக்கொண்டாய், நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரத்தில் குடி முழுகிவிடாது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

மேசை போட்டேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை. அதே மேசைதான், கேன்டீனிலேயே. சித்தப்பாவுக்கு வண்டி அனுப்பி வரவழைத்தேன். அன்று இருந்த கேன்டீன் ஆட்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், மற்றவர்கள் வந்தார்கள். வாண்டு வேலைக்குப் போயிருந்தாள். கரண்டியால் டம்ளரைத் தட்டினேன். நீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

சொன்னேன். தம்பிக்குப் பொய் சொல்லி நேற்றைய கறியை ஊட்டினேன், உங்கள் எல்லாருக்கும் முன்னால் அவனைக் கேவலப்படுத்தினேன், அவன் நடிக்கவில்லை, பேருந்து நிலையத்தில் சாகக் கிடந்தான். ஒரு வார்த்தை விடவில்லை.

சித்தப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "எந்த விருந்தும்மா?" என்றார்.

"கேன்டீன் தொறந்த அன்னிக்கு, சித்தப்பா."

"அன்னிக்கு அவன் வந்திருந்தானா?"

நான் உன் அத்தானைப் பார்த்தேன். அவர், "வந்தான் போலிருக்கு. அன்னிக்கு கேஸ் தீர்ந்துபோய் நான் அலைஞ்சேனே, அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். கேன்டீன் ஆள் ஒருவன், "உங்களுக்குத் தம்பி இருக்காருங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான். பிறகு சித்தப்பா, "சரி, சாப்பாடு எப்ப?" என்றார்.

நீ நாலு வருஷமாக எந்த மேசையைத் தூக்கிச் சுமக்கிறாயோ, அதில் இன்னும் உட்கார்ந்திருப்பது நாம் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அன்றைக்கே கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன்.

இப்போது சொல். எந்த வாக்கியம்? நான் என்ன எழுதினேன் என்று எனக்கே ஞாபகமில்லை, கடிதம் உன்னிடம் இருக்கிறது. உருளைக்கிழங்கா என்று அதை நிறுத்தினேன். பிறகு சோற்றை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். எதை எழுதினேனோ, எது அவளைக் கொல்கிறதோ என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது அவள் வயிற்றுக்குள் போவது சூப் மட்டும்தான். மூன்று வேளையும் அதுதான். காலையில் சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். மருத்துவக் குழு இருபத்தெட்டாம் தேதி.

உன் காலில் விழ வேண்டுமானால் அதையும் எழுது. விழுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

சூப்பை நிறுத்து.

அதுதான் அந்த வாக்கியம். எலும்பும் இறைச்சியும் எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தண்ணீரில் அது இறங்கும். நேற்றைய கறியைவிட மோசம். நீ அவளுக்குக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டிக்கொண்டிருப்பது அதைத்தான். உருளைக்கிழங்கு, சோறு, முட்டை எல்லாம் மறுபடி கொடு. புதிதாக வெட்டிய கோழி கிடைத்தால் வாங்கிய உடனே வேகவைத்துக் கொடு.

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்து முடித்ததும் உன் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கேன்டீனுக்கு அடித்தேன். எவனோ எடுத்து, "அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, யார் பேசறது?" என்றான். யார் என்று சொல்ல வாய் வரவில்லை. "சூப்பை நிறுத்தச் சொல்லு" என்றேன். "எந்த சூப்புங்க? இன்னிக்கு மூணு வகை இருக்கு" என்றான். வைத்துவிட்டேன். இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். டாக்டரின் பெயரும் விலாசமும் பின்பக்கத்தில் இருக்கின்றன. அவருக்கும் இன்று எழுதிவிட்டேன், முன்பதிவு இல்லாமலே பார்ப்பார்.

அம்மாவைப் பற்றிய பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன், இனி அதை வைத்திருந்து என்ன ஆகப்போகிறது.

சின்ன வயதில் எனக்கு முகம் சிவந்தால் அவள் அந்த சூப்பை ஏற்றுவாள். குடித்து இன்னும் சிவந்தால், பிள்ளைக்குத் தெம்பு போதவில்லை என்று இன்னொரு கிண்ணம். என் பிள்ளைப் பருவம் முழுக்க இப்படித்தான் போனது. நாற்பது வயதுக்கு மேல் டாக்டர் என் முன்னால் உட்கார்ந்து கேட்டார்: "சின்ன வயசுல உடம்பு சரியில்லைன்னா வீட்ல என்ன குடுப்பாங்க?" நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் கையில் என்ன விஷமா இருக்கிறது என்று அம்மா உன்னைக் கேட்டாள் என்றாய். ஆமாம் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? அவளுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. அவள் வைத்த சூப்தான் என்னைப் படுக்கையில் தள்ளியது என்று சொல்வதைவிட, அவள் எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிற திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று பட்டது. வாங்கினேன். நீயும் சேர்ந்துதான் கொடுத்தாய்.

சித்தப்பாவுக்கு ஞாபகமில்லை என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். அதில் பிழை எதுவும் இல்லை.

வாண்டு எப்படி இருக்கிறாள்? இரண்டு வரி எழுது.

தம்பி


மே 6

தம்பிக்கு,

இரண்டு வரியில் முடியாது.

பதினாறாம் தேதி பணிமனையில் தண்டவாளத்தைத் தாண்டும்போது விழுந்தாள். நெற்றியில் தையல். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அது நம் அதிர்ஷ்டம். மயங்கி விழுந்தவளுக்கு இருபத்தெட்டு வரை காத்திருப்பானேன் என்று மருத்துவக் குழு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது. நாலு பேர், கட்டிலைச் சுற்றி நின்று பத்து நிமிஷம் பார்த்தார்கள். ஓட்டுவதற்குத் தகுதியில்லை, நிரந்தரமாக என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் ஃபிளாஸ்க்கில் சூப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போனதும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

உன் தபால் இருபதாம் தேதி வந்தது. கேன்டீன் பையன் உன் போனைப் பற்றி, "யாரோ ஒருத்தர் சூப் நல்லா இல்லைன்னு கத்தினார்" என்றுதான் சொன்னான்.

உன் டாக்டர் நல்லவர். அவளைக் கேட்ட முதல் கேள்வியே, "இதுவரைக்கும் எத்தனை பேர் உன்னை நடிக்கிறேன்னு சொன்னாங்க?" என்பதுதான். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். சூப்பை நிறுத்தி ஒரு வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. மாத்திரையும் கொடுத்திருக்கிறார். சாப்பிடுகிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு மருத்துவக் குழுவிடம் போனோம். நிரந்தரம் என்று எழுதியது எழுதியதுதான், மாற்ற வழியில்லை என்றார்கள். எழுதியதைப் பிறகு இல்லையென்று சொல்ல முடியாது என்று நீயும் சொன்னாயே.

இப்போது அவளுக்கு ஸ்டேஷனில் தொலைந்த பொருள் அறையில் வேலை. குடை, டிபன் பாக்ஸ், குழந்தைகளின் ஒற்றைச் செருப்பு. ஜன்னல் வழியாக வண்டிகள் போவது தெரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

ஒரு வாரத்தில் குடி முழுகிவிடாது என்று எழுதியிருந்தாய். முழுகிவிட்டது. உன் இரண்டாம் தேதிக் கடிதத்தில் அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் அவள் பதினாறாம் தேதி தன் காலில் நின்றிருப்பாள். நான் உன்னை மேசையில் உட்காரவைத்துச் சோதித்தேன். நீ என்னைச் சோதிக்க என் பெண்ணை எடுத்துக்கொண்டாய். சரிக்குச் சரி என்று சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

அம்மாவிடம் நீ சொல்லாமல் இருந்தது சரியா தப்பா எனக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டும், காதோடு. சொல்லியிருந்தால் அந்த மேசையும் நடந்திருக்காது, என் அடுப்பில் இந்த சூப்பும் கொதித்திருக்காது. இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நீ நல்லவனாக இருந்த ஒரே இடமும் எங்களுக்கு உதவாமல் போனது.

அவள் உன்னைப் பார்க்க வரவேண்டும் என்கிறாள். பார்க்க என்று சொல்கிறாள், சாப்பிடத்தான் என்று எனக்குத் தெரியும். இதில் என்ன இருக்கிறது, எப்போது செய்தது என்று கேட்காமல் ஒரு வேளை சாப்பிட ஆசையாக இருக்கிறதாம். "மாமா வீட்ல கேக்கவே வேண்டாம்லம்மா" என்றாள். நான் வரமாட்டேன். அவளை வேண்டாம் என்று தடுக்கவும் மாட்டேன்.

நீ அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. அவளுக்கு நீ ஒருவன்தான் புரிந்துகொண்டவன் என்று ஒரு நினைப்பு, அதை உடைக்க எனக்குக் கை வரவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு.

அக்கா


மே 13

அக்கா,

அவளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல். காலைப் பேருந்தில் வந்தால் மதியத்துக்குள் வந்துவிடலாம். பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன்.

கோழிக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் வந்து சேர்ந்த பிறகுதான் வெட்டுவான். இந்த அறையில் இதுவரை ஒரு நாற்காலிதான் இருந்தது. அச்சகத்தில் கேட்டு இன்னொன்று வாங்கி வந்திருக்கிறேன், கால் கொஞ்சம் ஆடுகிறது. அதில் நான் உட்கார்ந்துகொள்வேன்.

வெறும் கையோடு அனுப்பு. வழியில் பசிக்குமே என்று எதையும் கட்டிக் கொடுத்துவிடாதே.

அந்தச் சொல்லைப் பற்றி அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் தின்ன விட்டுவிட்டு, கடைசியில் டம்ளரைத் தட்டிச் சொன்னவள் நீ. அவள் தட்டில் கை வைப்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் அவள் சாப்பிட்டால் சாப்பிடட்டும். எழுந்து போனால், பேருந்து நிலையம்வரை பின்னாலேயே போவேன்.

தம்பி